முப்பத்தெட்டுக் கட்டங்கள்

பத்து மணி வெயில் சன்னலைத் தொட்டதும் அவள் எழுந்து நிற்கிறாள். கையில் இடுக்கி, இடுக்கியின் நுனியில் ஒரு பல். கீழ்வரிசைக் கடைவாய்ப் பல். ஓய்வுபெற்ற ஒரு தபால்காரருடையது. அதை வெயிலில் இப்படித் திருப்புகிறாள், அப்படித் திருப்புகிறாள், ஒரு கண்ணை மூடிக்கொள்கிறாள். பிறகு உட்கார்ந்து, நுனியில் ஏழெட்டு மயிர்களே உள்ள தூரிகையால் செராமிக் குழைவைத் தொட்டுப் பல்லின் ஓரத்தில் ஒரு பொட்டு மஞ்சள் வைக்கிறாள். "தாத்தா நிறைய டீ குடிக்கறவரு. பளிச்சுனு வெள்ளையா வச்சா பேரனே கண்டுபிடிச்சிடுவான்" என்று யாரிடமும் இல்லாமல் சொல்லிக்கொள்கிறாள். தபால்காரரை அவள் பார்த்ததில்லை. பல் டாக்டர் அனுப்பிய சீட்டில் வயதும் தொழிலும் நிறமும் இருக்கும். மிச்சத்தை அவளே தெரிந்துகொள்வாள்.

லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடியில் இருக்கிறது அந்த டென்டல் லேப். பதினோரு பேர் வேலை பார்க்கிறார்கள். உருகிய மெழுகு வாசனை, அரைக்கும் இயந்திரத்தின் கீச்சுச் சத்தம், தட்டுத் தட்டாக அடுக்கிய தாடைகள். முப்பத்துநான்கு வயதான அவளை அங்கே எல்லோரும் கூப்பிடுவது 'ஜப்பான்' என்று. முதலாளிகூட, "இந்த முன்பல்லை ஜப்பான் மேசைக்கு அனுப்பு" என்பார். அவள் ஜப்பானுக்குப் போனதில்லை. மூன்றாவது மாடியிலிருந்து இறங்கினால் வீடு, வீட்டிலிருந்து கிளம்பினால் மூன்றாவது மாடி, அவ்வளவுதான் அவள் பயணம்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பவர் எதிர் மேசைக்காரர். டாக்டர்கள் எடுத்து அனுப்பும் அளவுகளில் பிளாஸ்டர் ஊற்றித் தாடை வார்ப்பது அவர் வேலை. புருவம் முதல் முழங்கை வரை வெள்ளையாகவே திரிவதால் மாவு அண்ணன் என்று பெயர். ஐம்பத்தாறு வயது. காலையிலிருந்து ஊரார் வாய்களோடு மல்லுக்கட்டிவிட்டு ஒரு மணிக்குத் தன் வாய்க்கு வேலை கொடுக்கும்போதுதான் அவருக்கு உயிர் வரும். நாலு அடுக்கு டிபன் கேரியர் கொண்டுவருவார். சாப்பிடுவதைப் போலவே சாப்பிடுவதைப் பற்றிப் பேசுவதிலும் அவருக்கு ஈடு கிடையாது.

'ஜப்பான்' என்ற பெயருக்குக் காரணம் ஒரு சூளை. பன்னிரண்டு வருடங்களுக்கு முன் பல்லைச் சுட ஜப்பானிலிருந்து ஒரு சின்னச் சூளை வாங்கினார்கள். முதல் மாதமே பல் கேப்புகள் வரிசையாக விரிசல் விட்டன. விற்றவன் ஃபோனை எடுப்பதை நிறுத்திவிட்டான். தலையில் ஒரு தட்டுத் தட்டினால் சரியாகும் என்றார் மாவு அண்ணன், தட்டியும் பார்த்தார். கூடவே வந்த தடிமனான கையேடு முழுக்க ஜப்பானிய மொழி. புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த இவள் ஓர் அகராதியை வாங்கி வந்து உட்கார்ந்தாள். இரண்டு மாதம். எழுபத்தோராம் பக்கத்தில் விஷயம் இருந்தது: கதவை உடனே திறக்கக் கூடாது, சூளை தானாக ஆறும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருந்தார்கள். விரிசல் நின்றது. சூளைக்குப் பிடித்த கோளாறு போய் இவளைப் பிடித்துக்கொண்டது. கையேட்டைப் படித்து முடித்ததும் அந்த மொழியில் படிக்க வேறொன்றும் இல்லையே என்ற தவிப்பு வந்து, பழைய புத்தகக் கடையைக் குடைந்து ஒரு நாவலை எடுத்துவந்தாள். அன்றிலிருந்து நாவல் மாற்றி நாவல், வலப்பக்கத்திலிருந்து புரட்டிக்கொண்டே இருக்கிறாள்.

ஒருமுறை மாவு அண்ணன் மேசையில் படிந்திருந்த வெள்ளைத் தூளில் விரலால் ஒரு ஜப்பானிய எழுத்தை எழுதிக் காட்டினாள். "இதுதான் பல்லு. உள்ள பாருங்கண்ணா, அரிசிங்கற எழுத்து மாதிரியே இருக்கு."

"அரிசிக்குப் பல்லுக்குள்ள என்ன வேலை?"

"மெல்லறதுக்குத்தான்" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்று, அந்த எழுத்தையே கொஞ்ச நேரம் பார்த்தபடி இருந்தாள். மாவு அண்ணன் அதைக் கவனித்தார், ஆனால் மண்டையில் ஏற்றிக்கொள்ளவில்லை.

அவருடைய மண்டையில் வேறொரு கேள்வி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மணிக்குச் சாப்பாட்டு அறையில் அவளும் டப்பாவைத் திறப்பாள். கரண்டியை நேராக வைப்பாள், சற்றுத் தள்ளி வைப்பாள். புத்தகத்தைப் பிரிப்பாள். மணி இரண்டாகும்போது டப்பா மூடியிருக்கும். ஒருநாள் இடம் பண்ண அந்த டப்பாவை நகர்த்தியவர் திடுக்கிட்டார். கையில் எடுத்தாலே பிளாஸ்டர் இத்தனை கிராம் என்று சொல்லும் கை அது. காலையில் வந்த பாரம் அப்படியே இருந்தது. இளைக்கப் பார்க்கிறாளா, காதல் தோல்வியா, வீட்டில் சண்டையா என்று அவரும் யோசித்துப் பார்த்துவிட்டு, கடைசியில் தமக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைக் கையில் எடுத்தார். கிண்டல். "ஜப்பான்ல காத்தைக் குடிச்சே வாழறாங்களாம்மா?" என்பார். அவளும் ஏதாவது சொல்லிச் சமாளிப்பாள்.

அப்புறம் அந்த வெள்ளிக்கிழமை. ரொட்டி, ஒரு முட்டை, நாலு துண்டு காரட். அவள் டப்பா காலி. மாவு அண்ணனுக்கு நிஜமான சந்தோஷம். எழுந்து நின்று, "எல்லாரும் இங்க பாருங்கப்பா! ஜப்பான் இன்னிக்கு டப்பாவைக் காலி பண்ணிட்டாங்க!" என்று கூவிக் கைதட்டினார். நல்ல மனசோடுதான் மற்றவர்களும் தட்டினார்கள். அவளும் சிரித்தாள். டப்பாவைக் கழுவிக் கவிழ்த்தாள். மறுநாளிலிருந்து மூன்று வாரம் அவள் சாப்பாட்டு அறைப்பக்கமே வரவில்லை. ஒரு மணியானால் சூளை இருக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மூன்றாவது வாரத்தில் அவளுடைய அக்கா மாடியேறி வந்தாள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். விரலில் சாவி, கையில் தங்கை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்த டப்பா. வாசலில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு அவள் கேட்ட முதல் கேள்வி: "இங்க கைதட்டினது யாரு?"

மாவு அண்ணன் பிளாஸ்டர்க் கையோடு எழுந்தார். "நான்தாம்மா."

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தாள். திட்டத்தான் வந்திருந்தாள், அந்த வெள்ளைப் புருவத்தைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது. "அது பிடிவாதம் இல்லண்ணே, வியாதி. பதினாறு வயசுலேருந்து இருக்கு. போகும், வரும். டாக்டரைப் பார்க்கறோம், வாரா வாரம் ஒருத்தர் உட்கார வச்சுப் பேசறாங்க. நமக்குச் சாப்பாடுன்னா சாப்பாடு. அவளுக்கு ஒவ்வொரு வேளையும் பரீட்சை ஹால்ல உட்கார்ந்த மாதிரி. நீங்க நடு ஹால்ல நின்னு மார்க்கைச் சத்தமா வாசிச்சிட்டீங்க."

"நல்லதுன்னு நெனச்சுத்தான்மா தட்டினேன்."

"யாரு கெட்டதுன்னு நெனச்சுச் செய்யறாங்க? நானும் கெஞ்சியிருக்கேன், கத்தியிருக்கேன், தட்டைத் தூக்கிப் போட்டு உடைச்சிருக்கேன். இப்ப எதுவும் பண்றதில்ல. கட்டிக் குடுக்கறேன். திரும்பி வந்தா கழுவி வைக்கறேன். ஏன்னு கேக்கறதே இல்ல." டப்பாவை அவர் மேசையில் வைத்துவிட்டு இறங்கிப் போனாள்.

மாவு அண்ணனுக்கு அன்று நாலு அடுக்கில் ஓர் அடுக்குகூட இறங்கவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. மறுநாள் சூளை அறைக் கதவைத் தட்டினார். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத மனுஷன், கேட்கவும் தெரியவில்லை. "நான் இனிமே சன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துக்கறேன். தெருவைப் பார்த்துக்கிட்டே சாப்பிடறேன். முதுகுதான் உன் பக்கம். நீ வாம்மா. வந்து, அந்தப் புத்தகத்துல என்ன கதைன்னாவது சொல்லு. காதை மட்டும் உன் பக்கம் வச்சுக்கறேன்."

அவள் வந்தாள். அவர் சொன்னபடி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். முதுகுக்குப் பின்னால் கதை ஆரம்பித்தது.

துறைமுக ஊர் ஒன்றில் ஆறு அறை உள்ள ஒரு விடுதியை நடத்தும் அக்கா, தங்கையின் கதை. என்றைக்கோ நடந்த ஒரு சண்டையில் இருவரும் பேச்சை நிறுத்தியவர்கள். ஒரே கூரையின் கீழ் பதினெட்டு வருடம் வாய் திறக்காமல் இருக்கிறார்கள். விருந்தாளிகள் வருகிறார்கள், போகிறார்கள், கப்பல் வருகிறது, பனி பெய்கிறது. மாவு அண்ணன் அப்படியே சொக்கிப்போனார். ஆனால் சோற்றுக்கென்றே பிறந்த மனுஷன், ஒன்றைக் கவனிக்காமல் இருப்பாரா? சமையலறை என்று வந்தாலே அவள் குரல் ஒரு தாண்டு தாண்டிவிடும். "அப்புறம் சாப்பிட்டாங்க. மறுநாள் காலைல..." என்று போய்விடுவாள்.

பத்தாவது நாள் அவருக்குப் பொறுக்கவில்லை. "அது சரி, என்ன சாப்பிட்டாங்க?" என்று தெருவைப் பார்த்தே கேட்டார்.

பின்னால் புத்தகம் மூடும் சத்தம் கேட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டார்; மறுபடியும் சொதப்பிவிட்டோம் என்று நினைத்தார். மறுநாள் காலை அவர் மேசையில் ஒரு நீள நோட்டு இருந்தது. அந்த நாவலை ஆறு வருடமாக அவள் தமிழில் எழுதிக்கொண்டிருந்தாள். முத்து முத்தான கையெழுத்து. ஆனால் சில பக்கத்துக்கு ஒருமுறை பென்சிலால் ஒரு கட்டம், கட்டத்துக்குள் மூல நூலின் பக்க எண், வேறு ஒன்றும் இல்லை. யாராவது சாப்பிடும் இடமெல்லாம் கட்டம். எண்ணிப் பார்த்தார்: முப்பத்தெட்டு. பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது அந்த நோட்டு.

"வார்த்தை தெரியலையா?" என்றார்.

"அகராதில எல்லாம் இருக்குண்ணா. ஆனா வாய்ல வச்சுப் பார்க்காம எழுதினா அது வாயைப் பார்க்காம செஞ்ச பல்லு. பார்க்கப் பல்லு மாதிரி இருக்கும். கடிக்க வராது."

நோட்டை ஏற்கெனவே படித்திருந்த ஒரு பெண்மணி, சின்னப் பதிப்பகம் நடத்துகிறவர், அச்சிட ஆசைப்பட்டார். ஜப்பானில் இருக்கும் உரிமைக்காரர்களிடம் அனுமதியும் வாங்கிவிட்டார். அந்த அனுமதி அடுத்த மார்ச் முப்பத்தொன்றோடு முடிகிறது. அதற்குள் கட்டங்களை நிரப்ப வேண்டும். முடியாவிட்டால் வேறு யாரையாவது வைத்து நிரப்பலாம், அல்லது அந்த இடங்களையே எடுத்துவிட்டு முன்னையும் பின்னையும் சேர்த்துவிடலாம், கதை கெடாது என்று அவளுக்குக் கடிதம் எழுதியிருந்தார்.

"எடுத்துட வேண்டியதுதானேம்மா? உசிரை விட்டு எதுக்கு?" என்றார் மாவு அண்ணன்.

"அவங்க ரெண்டு பேரும் பேசிக்கறதே சாப்பாட்டுலதான்" என்றாள். "அக்காவுக்குக் கோபம்னா சூப்புல உப்பு ஏறும். தங்கச்சிக்கு மனசு இறங்கினா, மீன்ல மொறுமொறுன்னு இருக்கற ஓரத்தை எடுத்து அக்கா தட்டுல வைப்பா. அதை எடுத்துட்டா ரெண்டு பேரும் ஊமையாயிடுவாங்க. என் பயத்துக்கு அவங்க வாயை அடைக்கலாமா?"

பின்னாளில் மாவு அண்ணன் சொன்னார்: அந்தக் கேள்வியில்தான் அவளை முதல்முதலாகப் பார்த்ததாக.

அவளைப் பேச வைக்கும் மருத்துவரிடம் கேட்டாள். செய்யலாம், இதையும் ஒரு பரீட்சையாக்கிக்கொள்ளாத வரைக்கும் என்றார் அவர். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவின் சமையலறையில் ஆரம்பித்தாள். முதல் கட்டம் மிக எளிது: ஆறின சோற்றில் சூடான தேநீர் ஊற்றித் தங்கை சாப்பிடுகிறாள். நாவலில் ஐந்தே வரி. அவளுக்கு நாலு ஞாயிறு ஆயிற்று. முதல் ஞாயிறு கிண்ணத்தின் முன் உட்கார்ந்ததோடு சரி. இரண்டாவது ஞாயிறு அதுவும் இல்லை. அக்கா எதுவும் கேட்கவில்லை. கிண்ணத்தைக் கழுவி வைத்தாள். ஐந்தாம் வாரத் திங்கட்கிழமை, சன்னலைப் பார்த்திருந்த மாவு அண்ணனின் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "அண்ணா, ஒரு சந்தேகம். சோறு வாய்ல வழுக்கிட்டுப் போற மாதிரி, ஆனா முழுசா வழுக்கவும் இல்ல. அதுக்கு என்ன சொல்வீங்க? அவங்க அதுக்குன்னே ஒரு சத்தம் வச்சிருக்காங்க."

"நாம மட்டும் இளைச்சவங்களா?" என்று சிலிர்த்துக்கொண்டார். "வழவழன்னு சொல்லலாம். கொழகொழன்னா குழைஞ்சது. சளசளன்னா தண்ணி ஜாஸ்தி. கரண்டில எடுத்தா நின்னுச்சா, ஓடுச்சா?"

அப்படித்தான் ஐம்பத்தாறு வருடத் தீனிக்கு ஒரு மரியாதை வந்தது. மொறுமொறு, நறுக்நறுக், மெத்தென்று, நமநம, நெறுநெறு, சவசவ என்று அவருடைய வாய்க்குள் கிடந்த வார்த்தைகளெல்லாம் ஒவ்வொன்றாகக் கட்டங்களுக்குள் போய் உட்கார்ந்தன. தாடை வார்க்கும்போது புதிதாக ஒன்று தோன்றினால் பிளாஸ்டர் தூளில் எழுதி வைத்துவிடுவார், துடைப்பவரை மேசைப்பக்கம் விடமாட்டார். அவள் எவ்வளவு சாப்பிட்டாள் என்று மட்டும் கேட்டதே இல்லை. முகத்தைத் திருப்பிப் பார்க்கவும் இல்லை.

எல்லாம் ஏறுமுகமாகப் போகவில்லை. சில கட்டங்களை எழுதி, அழித்து, எழுதி, அழித்துத் தாளே நைந்துபோனது. ஒரு கட்டத்தில் கடலில் கிடைக்கும் ஏதோ முள்ளுப்பந்து வந்தது. இங்கே எந்த மார்க்கெட்டிலும் கிடைக்கவில்லை. "கதைலயும் தங்கச்சி அதைத் தொடாம தள்ளி வச்சிடறா. பிழைச்சேன்" என்றாள். மழைக்காலத்தில் ஒரு காலை படியேறும்போது இரண்டாவது மாடித் திருப்பத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எழ முடியவில்லை. மூன்று வாரத்துக்கும் மேலே ஆஸ்பத்திரி. பதினாறு கட்டத்தோடு நோட்டு நின்றது. லேபில் அவள் வேலையை வேறொருவர் செய்தார். ஊரில் எல்லோருக்கும் ஒரே வெள்ளையில் பல் செய்து அனுப்பப்பட்டது. மாவு அண்ணன் தினமும் சன்னலைப் பார்த்துச் சாப்பிட்டார். பின்னால் யாரும் இல்லாதபோதும் நாற்காலியைத் திருப்பவில்லை.

போன மாதிரியே திடீரென்று ஒருநாள் பத்து மணிக்கு அவள் வந்து நின்றாள். முகம் சுருங்கியிருந்தது. வந்ததும் நோட்டைப் பிரித்துக் காட்டினாள். பதினேழாவது கட்டம் நிரம்பியிருந்தது: காய்ச்சலில் கிடக்கும் அக்காவுக்குத் தங்கை காய்ச்சிக் கொடுக்கும் அரிசிக் கஞ்சி. "ஆஸ்பத்திரிக் கஞ்சிண்ணா. முதல் நாள் அழுதேன். ரெண்டாம் நாள் அழுதுகிட்டே நாலு கரண்டி. மூணாம் நாள், அடடா இது நூத்திப் பன்னெண்டாம் பக்கமாச்சேன்னு தோணிச்சு. நர்ஸ்கிட்ட பேனா கடன் வாங்கினேன்."

மாவு அண்ணன் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றார். இரக்கம் என்றால் அவருக்குத் தெரியும். இது இரக்கம் இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில், பயத்துக்கு நடுவில், பக்க எண்ணை நினைவு வைத்திருந்த மனுஷியை என்ன செய்வது? கும்பிடத் தோன்றியது. தைரியம் என்றால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வரும் என்று நினைத்திருந்தவர் அவர். அது ஒரு கரண்டியை எடுத்து, வைத்து, மறுபடி எடுக்கும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. தான் எண்ணமே இல்லாமல் ஒரு நாளைக்கு மூன்று வேளை செய்கிற காரியத்தை இவள் ஒவ்வொரு முறையும் முதல் தடவை போலச் செய்கிறாள். அதை நினைத்தால் அவருக்கு இப்போதும் மயிர்க்கூச்செடுக்கும்.

தை, மாசி என்று நாள் ஓடிற்று. மார்ச் இருபத்தெட்டாம் தேதி மீதி ஒரே ஒரு கட்டம். அதுதான் நாவலின் கடைசிப் பக்கம். தங்கை விடுதியை விட்டுப் போகிறாள். அக்கா வாசலுக்கு வரவில்லை, ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. படகில் ஏறி உட்கார்ந்து பையைத் திறந்தால், தாளில் சுற்றிய ஒரு சோற்று உருண்டை. உப்பு மட்டும் போட்டுப் பிடித்தது. அதை அவள் சாப்பிடுவதோடு கதை முடிகிறது.

அன்று ஒரு மணிக்கு அவள் டப்பாவைத் திறந்த சத்தம் கேட்டது. மாவு அண்ணன் தெருவில் போன பஸ்களை எண்ணினார். ஏழு.

"அண்ணா, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க."

ஒரு வருடத்துக்கு மேலாகி அன்றுதான் திரும்பினார். டப்பாவில் வேன் ஓட்டும் கை பிடித்த ஓர் உருண்டை, ஒரு பக்கம் கோணலாக இருந்தது. ஓரத்தில் சின்னதாக ஒரு கடி. அதில் அவளுடைய முன்பற்களின் தடம் அப்படியே பதிந்திருந்தது. அளவெடுத்தது போல, பிளாஸ்டர் ஊற்றினால் வார்த்துவிடலாம். அவள் நெற்றியில் வியர்வை இருந்தது.

"பொலபொலன்னு உதிருதுன்னு சொல்றதா, மெத்துனு ஒட்டுதுன்னு சொல்றதா? தெரியல."

"சாப்பிட்டுப் பார்க்காம நான் எப்படிம்மா சொல்ல?"

அவள் பாதியைப் பிட்டு அவர் கையில் வைத்தாள். அவர் வாயில் போட்டார். இரண்டு மெல்லு, விழுங்கியாயிற்று. "உதிருது. சந்தேகமே இல்ல, பொலபொலதான்."

அவள் இன்னும் மென்றுகொண்டிருந்தாள். கண்ணை மூடி, பல்லை வெயிலில் திருப்பிப் பார்க்கும் அதே முகத்தோடு. அவ்வளவு நேரம் ஒருவர் சோற்றை மெல்ல முடியும் என்று அவர் நினைத்ததில்லை. கடைசியில் தலையை ஆட்டினாள். "இல்லண்ணா. நீங்க அவசரப்பட்டுட்டீங்க. மொதல்ல உப்பு. அப்புறம் உதிருது. இன்னும் கொஞ்சம் பொறுத்தா, கடைசியா இனிக்குது."

"வெறும் சோறா? உப்புப் போட்ட சோறு இனிக்குமா?"

"நீங்களே பாருங்க."

கையில் ஒட்டியிருந்த பருக்கைகளை எடுத்து வாயில் போட்டு, வாழ்நாளில் முதல் தடவையாக மாவு அண்ணன் மெதுவாக மென்றார். மென்றார், மென்றார். இனித்தது. ஐம்பத்தாறு வருடமாகச் சோறு தின்கிறார். ஒருநாளும் அதுவரை காத்திருந்ததில்லை.

அவள் பென்சிலை எடுத்து மூன்று வரி எழுதினாள். படித்துப் பார்த்தாள். ரப்பரால் கட்டத்தின் நாலு கோடுகளையும் அழித்தாள். தூளை ஊதிவிட்டு நோட்டை மூடி, ரப்பர் பேண்ட் போட்டுப் பைக்குள் வைத்தாள். டப்பாவில் மீதி உருண்டை இருந்தது. இனி அதை எழுத எந்தப் பக்கமும் இல்லை. அவள் கை சற்று நேரம் மடியிலேயே இருந்தது. பிறகு நீண்டு, அதை எடுத்து, இன்னொரு வாய் கடித்தது.

மாவு அண்ணனின் இரண்டு உள்ளங்கைகளும் தாமாகவே ஒன்றை நோக்கி ஒன்று எழுந்தன. பாதியில் நிறுத்தினார். கால்கள் தரையில் உரசிச் சத்தம் போட்டுவிடாமல் நாற்காலியை இரு கைகளாலும் தூக்கி, சன்னல் பக்கம் திருப்பி வைத்து, தெருவைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.